பர் வழுக்கிய நாளில்: போட்டி மிகுந்த பல் மருத்துவக் கல்லூரியா, ஆதரவான கல்லூரியா?

சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், கேட்கும் ஆள்தான் வேறு. "இரண்டு இடத்திலும் சீட் கிடைத்திருக்கிறது. ஒன்று பெயர் பெற்ற கல்லூரி, ஆனால் அங்கே ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டுதான் மேலே வர வேண்டுமாம். இன்னொன்றுக்கு அவ்வளவு பெயர் இல்லை, ஆனால் ஆசிரியர்கள் நன்றாகத் தாங்கிப் பிடிப்பார்களாம். எதில் சேர?"

நான் படித்தது முதல் வகைக் கல்லூரியில். பட்டம் வாங்கிச் சில வருடம் கழித்து, கிளினிக்கில் மாணவர்களை மேற்பார்வை பார்க்கும் பகுதிநேர ஆசிரியராக இருந்தது இரண்டாம் வகையில். ஆகவே இரண்டு பக்கத்துக் கசப்பும் தெரியும். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: போட்டி ஏறினால் ஆதரவு இறங்கும், ஆதரவு ஏறினால் போட்டி இறங்கும் என்று ஒரு தராசு கிடையாது. கடுமையான போட்டியும் நல்ல ஆதரவும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் கல்லூரி உண்டு. இரண்டுமே இல்லாத கல்லூரியும் உண்டு. "இங்கே கொஞ்சம் ஸ்ட்ரிக்ட்" என்ற பெயரில் சுற்றிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அதுதான். எனவே, போட்டி இருக்கிறதா என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். எதற்காகப் போட்டி என்று கேளுங்கள். ஆதரவு உண்டு என்று யாராவது சொன்னால், எதை ஆதரவு என்கிறீர்கள் என்று கேளுங்கள்.

## கைத்தொழில் படிப்பு என்பதால்

வேறு படிப்பாக இருந்தால் ஆசிரியர் சரியில்லை என்றாலும் புத்தகத்தை வைத்துச் சமாளித்துவிடலாம். பல் மருத்துவத்தில் அது நடக்காது. 1840-ல் பால்டிமோரில் உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி தொடங்குவதற்கு முன்பு, தொழில் தெரிந்த ஒருவரோடு ஒட்டிக்கொண்டு பழகுவதே பெரும்பாலோருக்கு வழியாக இருந்தது. கல்லூரி வந்த பிறகும் அடிப்படை மாறவில்லை. ஒரு குருவை ஒரு சீடன் வைத்துக்கொண்ட இடத்தில், இப்போது பத்துப் பதினைந்து சீடர்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

பர் என்ற சிறு வெட்டு முனையை நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழற்றும் ஏரோட்டரைக் கையில் கொடுத்து, மீண்டும் வளரவே வளராத எனாமலைச் சீவச் சொல்கிறார்கள். கேப் (பல்லின்மேல் மாட்டும் உறை) போடுவதற்காகப் பல்லைச் சீவும்போது எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் சேர்ந்து 6 டிகிரி சாய்ந்தால் போதும் என்பது பாடக் கணக்கு. பழகாத கை அதைக் கூம்பாக்கிவிடும். கூம்பின்மேல் கேப் நிற்காது. ஆக, கை பழகத் தப்பு செய்தாக வேண்டும்; அந்தத் தப்பை நோயாளியின் வாயில் செய்யக் கூடாது. மனிதத் தலை மாதிரி ஒன்றில் பல்லைப் பொருத்திப் பழகும் ஃபான்டம் ஹெட் 1894-லேயே வந்ததன் காரணம் இதுதான்.

என் முதல் கேப் வேலை நன்றாக நினைவிருக்கிறது. பிளாஸ்டிக் பல்தான். ஆசிரியர் எடுத்துப் பார்த்தார். "பென்சில் சீவினியா?" என்றார். குப்பைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். மூன்று பல் மாற்றி மூன்று முறை செய்தேன், மூன்றும் பென்சில். எங்கே தப்பு என்றே தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்கலாம் என்றால், அன்றைய மதிப்பெண் தரவரிசையில் சேரும், யாரும் தலை நிமிரவில்லை. நான்காவது பல்லோடு உட்கார்ந்திருந்தபோது அந்த வழியாகப் போன ஒரு சீனியர்தான் நின்றார். "ஒரு கண்ணை மூடு. ஒரு அடி தள்ளி மேலேர்ந்து பாரு. சுத்தி இருக்கற ஓரம் முழுசும் ஒரே பார்வையில தெரியணும், ஆனா மயிரிழை அளவுதான் தெரியணும். ஓரம் அகலமா தெரியுதுன்னா சாய்ச்சிட்டேன்னு அர்த்தம்." பத்து விநாடிகூட ஆகவில்லை. அந்த வாரம் முழுதும் நான் தேடிக்கொண்டிருந்தது அந்தப் பத்து விநாடியைத்தான்.

## எடை போடும் அளவுகோல்கள்

மதிப்பெண் எதோடு ஒப்பிடப்படுகிறது? இரண்டு முறை உண்டு. ஒன்றில், "இந்த ஆழம், இந்த அகலம், ஓரம் இப்படி" என்று முன்பே ஒரு அளவு வைத்திருப்பார்கள். அதை எட்டியவர் எல்லோரும் தேறுவார்கள். இன்னொன்றில் வகுப்பில் இருப்பவர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையில் நிறுத்துவார்கள். முதலாவதில் பக்கத்து மேசைக்காரர் நன்றாகச் செய்தால் உங்களுக்கு நஷ்டமில்லை. இரண்டாவதில் உண்டு. நண்பனுக்குச் சொல்லிக் கொடுப்பதா வேண்டாமா என்று ஒருவன் ஒரு கணம் யோசிப்பது இங்கேதான் தொடங்குகிறது.

தரவரிசையில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஒரே பல்லை இரண்டு ஆசிரியர்களிடம் காட்டினால் இரண்டு மதிப்பெண் வருவது இந்தத் துறையின் பழைய தலைவலி. சில நேரம் ஒரே ஆசிரியரே காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் போடுவார். தேறினாரா இல்லையா என்று மட்டும் பார்த்தால் இந்த ஆட்டம் பெரிதாகத் தெரியாது. 11-ஆம் இடமா 19-ஆம் இடமா என்று பிரிக்கப் போனால், அங்கே தீர்மானிப்பது உங்கள் கையா, அன்று யார் திருத்தினார் என்பதா என்று சொல்ல முடியாது. ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து மாதிரிப் பற்களைத் திருத்திப் பார்த்துத் தங்கள் அளவை ஒத்துப்போக வைக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். செய்கிற கல்லூரி பெருமையாகச் சொல்லும்.

சரி, மதிப்பெண்ணையே எடுத்துவிட்டால் போட்டி போய்விடுமா? போகாது, இடம் மாறும். அமெரிக்காவில் தேசிய பல் மருத்துவ வாரியத் தேர்வு 2012 ஜனவரி முதல் தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் முடிவு சொல்லத் தொடங்கியது. அதுவரை அந்த மதிப்பெண்ணை வைத்து மேற்படிப்புக்கு ஆள் எடுத்தவர்கள் என்ன செய்வார்கள்? வகுப்புத் தரவரிசை, பரிந்துரைக் கடிதம் என்று மற்றவற்றின் பக்கம் திரும்பினார்கள். 2016-ல் மேற்படிப்புச் சேர்க்கைக்கென்றே ஒரு தனித் தேர்வும் வந்து சேர்ந்தது. ஹார்வர்டு பல் மருத்துவப் பள்ளி போன்ற சில இடங்களில் கல்லூரிக்குள்ளும் தேர்ச்சி, தோல்வி மட்டும்தான். அப்படிப்பட்ட இடத்தில் வகுப்பறை அமைதியாக இருக்கும். போட்டி ஆய்வுக் கட்டுரை, பரிந்துரைக் கடிதம் என்று வேறு வாசல் வழியாக உள்ளே வந்து உட்காரலாம்.

இந்தியாவில் கதை வேறு. 2017 சேர்க்கையிலிருந்து பெரும்பாலான முதுநிலை இடங்களைத் தீர்மானிப்பது நீட் எம்டிஎஸ் என்ற நாடு தழுவிய தேர்வின் தரவரிசை. அங்கே கல்லூரியில் முதலிடம் வாங்கியவருக்கும் இருபதாம் இடம் வாங்கியவருக்கும் அந்த வாசலில் வித்தியாசம் இல்லை. ஆக, நீங்கள் போக நினைக்கும் வாசலில் எந்த நுழைவுச் சீட்டைக் கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். அதற்கு உதவாத போட்டியில் வருடக்கணக்காக ஓடுவது வீண் அலைச்சல்.

நோயாளிகள் எப்படிக் கிடைக்கிறார்கள்? என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். சேர்க்கையின்போது யாரும் கேட்காத கேள்வியும் இதுதான்.

பெரும்பாலான கல்லூரிகளில் கிளினிக் வருடங்களில் கோட்டா உண்டு: இத்தனை அடைப்பு, இத்தனை பல் பிடுங்கல், இத்தனை ரூட் கெனால், இத்தனை பல் செட். முடித்தால்தான் தேர்வு எழுதலாம் அல்லது பட்டம் வாங்கலாம். கோட்டா தப்பு என்று சொல்ல மாட்டேன். அதுகூட இல்லையென்றால் பிடிக்காத வேலையை யாரும் தொட மாட்டார்கள். ஆனால் நோயாளி வரத்து குறைவாக இருந்து கோட்டா மட்டும் அப்படியே இருந்தால், அங்கே நடப்பது திறமைப் போட்டி கிடையாது, ஆள் பிடிக்கும் போட்டி. வாசலில் நின்று நோயாளியை மடக்குவது, தன்னிடம் வந்தவரின் தொலைபேசி எண்ணை நோட்டில் எழுதி யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்வது, சிகிச்சைக் கட்டணத்தைத் தானே கட்டி அழைத்து வருவது, பல் செட் கேஸ் கிடைக்காமல் சொந்தக்காரர்களில் யாருக்குப் பல் இல்லை என்று விசாரிப்பது, எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். சிலவற்றைச் செய்தும் இருக்கிறேன்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. இரண்டு பற்களுக்கு நடுவே அளவான ஒரு சொத்தை. நோயாளியின் வாயில் செய்து காட்டும் தேர்வுக்கு அதுதான் வசதியான கேஸ். உடனே அடைத்துவிட்டால் தேர்வு நாளுக்கு என்ன செய்வது? "இன்னும் மூணு வாரம் பொறுத்து வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். என் வகுப்பில் அப்படி அனுப்பப்பட்ட ஒருவர் பத்து நாளில் வீங்கிய கன்னத்தோடு வந்து நின்றார். அடைப்போடு போக வேண்டிய பல், ரூட் கெனாலுக்குப் போயிற்று. அந்த மாணவர் கெட்டவர் கிடையாது. அவருக்கு வேறு கேஸ் இல்லை. கல்லூரி அமைத்த போட்டியின் விலையை நோயாளி கொடுத்தார்.

இதற்கு மாற்றாக, ஒரு நோயாளியின் வாய் முழுவதையும் ஒரு மாணவரிடம் ஒப்படைத்து, அவருக்குத் தேவையான எல்லாவற்றையும் வரிசையாகச் செய்ய வைக்கும் முறை சில இடங்களில் உண்டு. நோயாளிக்கு நல்லது, மாணவருக்கும் திட்டமிடும் பழக்கம் வரும். குறை என்னவென்றால், உங்களுக்கு வாய்த்த வாய்களில் கடினமான கடைவாய்ப்பல் ரூட் கெனால் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். அப்படிப் போனால் ஈடுகட்ட என்ன ஏற்பாடு என்று கேட்க வேண்டும்.

ஒரு ஆசிரியருக்கு எத்தனை சேர் (நோயாளி நாற்காலி)? வெறும் கூட்டல் கழித்தல்தான். மூன்று மணி நேர கிளினிக். ஒரு ஆசிரியருக்குப் பன்னிரண்டு மாணவர் என்றால் ஆளுக்குப் பதினைந்து நிமிடம். ஒரு சாதாரண அடைப்புக்கே தொடங்கும்முன், சொத்தையை எடுத்தபின், அடைத்தபின் என்று மூன்று தடவை பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தடவைக்கு ஐந்து நிமிடம். அதில் நடப்பது, நோயாளியிடம் இரண்டு வார்த்தை பேசுவது, கையுறை மாற்றுவது எல்லாம் அடக்கம். ஆறு மாணவர் என்றால் தடவைக்குப் பத்து நிமிடம். அதில் கற்றுக்கொடுக்கவும் நேரம் மிஞ்சும். மொத்த ஆசிரியர் எண்ணிக்கையை மொத்த மாணவர் எண்ணிக்கையால் வகுத்து ஒரு விகிதம் சொல்வார்கள். அதில் முழு நேரமும் அலுவலக அறையில் இருப்பவர்களும் சேர்ந்திருப்பார்கள். கிளினிக் தளத்தில் கோட் போட்டு நிற்பவர்களை எண்ணுங்கள்.

தோற்றால் என்ன ஆகும்? மறுதேர்வு எத்தனை வாரத்தில், அதற்குள் யாராவது உட்கார்ந்து கற்றுக்கொடுப்பார்களா, ஒரு பாடத்தில் போனால் முழு வருடமும் போகுமா. எழுத்தில் கேளுங்கள்.

மனச்சுமை. பல் மருத்துவ மாணவர்களின் அழுத்தத்தை அளக்கவே 1980-ல் தனியாக ஒரு வினாத்தாள் உருவானது. பல நாடுகளில் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தேர்வும் மதிப்பெண்ணும், கிளினிக் கோட்டாவை முடிப்பதும் திரும்பத் திரும்ப மேலே வந்து நிற்கின்றன. எனவே ஆலோசகர் அறை ஒன்று இருக்கிறது என்பதோடு திருப்திப்பட வேண்டாம். சுமையை ஏற்றும் அந்த இரண்டையும் கல்லூரி எப்படி நடத்துகிறது என்பதே பெரிய ஆதரவு, அல்லது ஆதரவின்மை.

## போட்டி மிகுந்த கல்லூரி

*என்ன கிடைக்கும்:* கண்ணின் அளவு உயரும். இதை நான் மறுக்கவே மாட்டேன். பக்கத்து மேசையில் ஒருவர் மெழுகுக் கட்டியில் செதுக்கிய கடைவாய்ப்பல் நிஜப் பல் மாதிரியே இருக்கும்போது, உங்களுடையது உங்களுக்கே பிடிக்காமல் போகும். "இது போதும்" என்று நினைத்த இடத்தில் இன்னும் அரை மணி நேரம் உட்காருவீர்கள். அந்த அரை மணி நேரங்கள் வட்டியோடு திரும்பி வரும். பெரிய பெயருள்ள இடங்களுக்குச் சிக்கலான கேஸ்களும் வரும். வேறு இடத்தில் கைவிட்ட நோயாளிகள் அங்கேதான் அனுப்பப்படுவார்கள். மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது எழுதுபவரின் பெயருக்கும் மதிப்பு இருக்கும்.

*வெளியே தெரியாத செலவு:* முதலாவது, மறைக்கும் பழக்கம். தப்பைக் காட்டினால் இடம் இறங்கும் என்றால், மாணவர் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் தப்பை மூடுவது. லேபில் அது பிளாஸ்டிக் பல்லோடு போகும். கிளினிக்கில், பர் வழுக்கிப் பக்கத்துப் பல்லை உரசியது ஆசிரியருக்குத் தெரியாமல் பாலிஷ் செய்யப்படும். தொழிலுக்கு வந்தபின் ரூட் கெனாலில் ஃபைல் என்ற மெல்லிய கருவி உடைந்ததை நோயாளியிடம் சொல்லாமல் விடுபவர், ஃபைல் உடைந்த நாளில் திடீரென்று அப்படி ஆகிவிடவில்லை.

இரண்டாவது, சிக்கலான கேஸ்கள் வருவதும் அவை உங்கள் கைக்கு வருவதும் வேறு வேறு. முதுநிலை மாணவர்கள் நிறைய இருக்கும் கல்லூரியில் நல்ல கேஸ் எல்லாம் மேலே போய்விடும். இளநிலை மாணவர் பின்னால் நின்று சக்ஷன் (எச்சில் உறிஞ்சும் குழாய்) பிடிப்பார். கல்லூரியின் பெயரைப் பார்த்துச் சேர்ந்து, படிப்பு முடியும்வரை சக்ஷன் பிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாவது, காலம். கோட்டா முடியாமல் பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போனால், அந்த ஆறு மாதக் கட்டணமும் அந்த ஆறு மாதச் சம்பளமும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். கல்லூரிகளை ஒப்பிடும்போது இந்த வரியை யாரும் எழுதுவதில்லை. கழுத்து வலியைக்கூடச் செலவில் சேர்க்கலாம். வேலை நன்றாக வர வேண்டும் என்று குனிந்தே உட்கார்ந்து பழகிய முதுகு, யாரும் நிமிர்ந்து உட்காரச் சொல்லாததால், முப்பது வயதிலேயே பதில் சொல்லத் தொடங்கும்.

*யாருக்குப் பொருந்தும்:* போட்டி மிகுந்த மேற்படிப்புக்குப் போக உறுதியாக இருப்பவர், அந்த வாசலில் வகுப்புத் தரவரிசையோ பரிந்துரைக் கடிதமோ கேட்கப்படுகிறது என்பதை உறுதிசெய்தவர், விமர்சனம் கேட்டால் அன்றிரவு தூங்கி மறுநாள் எழுந்து வேலைக்கு உட்காரக்கூடியவர். கல்லூரிக்கு வெளியே சாய்ந்துகொள்ள ஒரு தோள் இருப்பதும் முக்கியம். நண்பரோ வீட்டாரோ, அந்தக் கல்லூரித் தரவரிசையோடு சம்பந்தமில்லாத யாராவது ஒருவர்.

## ஆதரவான கல்லூரி

*என்ன கிடைக்கும்:* கேள்வி கேட்கும் துணிச்சல். "சார், இதுக்கு மேல தோண்டலாமா, எனக்குப் பயமா இருக்கு" என்று ஒரு மாணவர் சொல்ல முடிகிற கிளினிக்கில் நரம்பு வரை தோண்டிவிடும் விபத்து குறையும். ஆதரவு என்றதும் தட்டிக்கொடுப்பதை மட்டும் நினைக்க வேண்டாம், பாடத்தை அமைக்கும் விதமே ஆதரவாக இருக்க முடியும். சுவீடனின் மால்மோ பல் மருத்துவப் பள்ளி 1990-ல் முழுப் படிப்பையும் சிறு குழுக்களாக உட்கார்ந்து ஒரு சிக்கலை எடுத்துப் பேசித் தீர்க்கும் முறைக்கு மாற்றியது. அப்படிப்பட்ட அமைப்பில் ஒருவர் தெரிந்துகொண்டதைக் குழுவுக்குச் சொன்னால்தான் வேலையே நகரும். மறைத்து வைத்தால் அவருக்கும் பயனில்லை.

*வெளியே தெரியாத செலவு:* ஆதரவில் போலி அதிகம். நான் மேற்பார்வை பார்த்த இடத்தில் மிகவும் அன்பான சக ஆசிரியர் ஒருவர் இருந்தார். மாணவர்கள் அவர் பெயரைக் கேட்டாலே மகிழ்ந்துபோவார்கள். ஒரு மாணவி மேல் கடைவாய்ப்பல்லில் இரண்டாவது கெனாலை (வேருக்குள் ஓடும் குழாயை) தேடித் திணறிக்கொண்டிருப்பார். இவர் வருவார், "கொஞ்சம் நகரும்மா, நோயாளி ரொம்ப நேரமா வாயைத் திறந்திருக்கார், நான் முடிச்சுடறேன்" என்பார். நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். மாணவியின் கோட்டா நோட்டில் ஒன்று கூடும், அவர் கையில் ஒன்றும் கூடாது. வருட முடிவில் அவர் நோட்டில் எட்டு ரூட் கெனால் இருந்தது. ஆரம்பம் முதல் முடிவு வரை தானே செய்தது எத்தனை என்று கேட்டேன். விரலை மடக்கினார், இரண்டில் நின்றுவிட்டது.

அதே தளத்தில் இன்னொருவர். பேச்சு கொஞ்சம் வறட்டு. ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருவார், கருவியை மட்டும் தொட மாட்டார். "எக்ஸ்ப்ளோரரை வை. எங்க மாட்டுது? கொஞ்சம் முன்னாடி வா. இப்ப?" இருபது நிமிடம் ஆகும். மாணவருக்கு வியர்க்கும். சரியில்லை என்றால் அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து. மாணவர்கள் நிரப்பும் கருத்துப் படிவத்தில் இவருக்குக் குறைந்த மதிப்பெண்தான் வரும். என்னைப் பொறுத்தவரை, ஆதரவு என்ற சொல்லுக்கு உரியவர் இவர். ஆதரவான கல்லூரி என்று விசாரிக்கும்போது இந்த இருவரில் எவர் மாதிரி ஆட்கள் அதிகம் என்று கண்டுபிடியுங்கள்.

இன்னொரு செலவு, வெளியே வந்த முதல் வருடம். எல்லா வேலையையும் யாராவது ஒருவர் பார்த்துச் சரி சொல்லிய பழக்கத்தில் வளர்ந்தவருக்குத் தனியாக நின்று முடிவெடுக்கும் முதல் மாதங்கள் மிகவும் கஷ்டமாக இருக்கும். நல்ல ஆதரவு வருடத்துக்கு வருடம் விலகிக்கொண்டே போக வேண்டும்: முதலில் ஒவ்வொரு படிக்கும் ஆசிரியர், பிறகு முக்கியமான படிகளுக்கு மட்டும், கடைசி வருடம் கூப்பிட்டால் மட்டும். இறுதியாண்டு மாணவருக்கும் மூன்றாம் ஆண்டு மாணவருக்கும் ஒரே அளவு கைபிடிப்பு என்றால் அங்கே ஏதோ சரியில்லை.

*யாருக்குப் பொருந்தும்:* பொதுப் பல் மருத்துவராகத் தொழில் செய்யப் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு. கை மெதுவாகப் பழகுகிறவர்களுக்குக் கட்டாயம். மெதுவாகப் பழகும் கை மோசமான கை என்று அர்த்தமில்லை. முதல் வருடம் பின்னால் இருந்து, மூன்றாம் வருடம் வகுப்பையே தாண்டிப் போனவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்கள் முதல் வருடத்திலேயே ஓரம்கட்டப்பட்டால் அந்த மூன்றாம் வருடம் வரவே வராது. படிப்போடு குடும்பப் பொறுப்பும், வேலையும், உடல்நலக் குறைவும் சுமப்பவர்களும் இங்கே வருவதே மேல்.

## மூன்றாவது வகை: கண்டுகொள்ளாத கல்லூரி

இதைத் தேர்வுசெய்ய யாரும் நினைப்பதில்லை, ஆனால் நிறையப் பேர் வந்து விழுவது இங்கேதான். தோல்வி விகிதம் அதிகம், அதனால் "கடுமையான இடம்" என்று பெயர். ஏன் தோற்றார்கள் என்று பார்த்தால், ஆசிரியர் வரவில்லை, நோயாளி இல்லை, முடிவு எப்போது வரும் என்று தெரியாது. போட்டி மிகுந்த இடத்தில் முதலில் வருபவர் உண்மையிலேயே நன்றாகச் செய்வார். இங்கே முதலில் வருபவர் தாக்குப்பிடித்தவர். அடையாளம் எளிது: நன்றாகச் செய்த மாணவரிடம் "யாரிடம் கற்றீர்கள்" என்று கேட்டால், காணொளிகளையும் வெளியே பார்த்த பயிற்சி வகுப்புகளையும் சொல்வார். இதில் சேருவதைவிட ஒரு வருடம் காத்திருந்து மறுபடி முயற்சி செய்வதே மேல் என்று நான் சொல்வேன். இந்தக் கருத்துக்காக என்னோடு சண்டை போட்டவர்களும் உண்டு.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | போட்டி மிகுந்த கல்லூரி | ஆதரவான கல்லூரி | கண்டுகொள்ளாத கல்லூரி |
|---|---|---|---|
| மதிப்பெண் | பெரும்பாலும் தரவரிசை | பெரும்பாலும் முன்பே வைத்த அளவு | யாருக்கும் புரியாது |
| நோயாளி | வரத்து அதிகம். உங்கள் கைக்கு வருவது விசாரிக்க வேண்டியது | வரத்து மிதம். பங்கீடு சீராக இருக்க வாய்ப்பு | நீங்களே பிடிக்க வேண்டும் |
| தப்பு நடந்தால் | இடம் இறங்கும் | மறுபடி செய்ய வைப்பார்கள், அல்லது அவர்களே செய்துவிடுவார்கள் | ஒருவரும் பார்க்க மாட்டார்கள் |
| மேற்படிப்பு | கடிதமும் தரவரிசையும் கேட்கும் வாசலில் உதவும் | தனித் தேர்வு மட்டும் கேட்கும் வாசலில் படிக்க நேரம் தரும் | இரண்டும் இல்லை |
| கவனிக்க வேண்டிய செலவு | மறைக்கும் பழக்கம், தள்ளிப்போகும் பட்டம் | தனியாக நிற்கப் பழகாமை | கல்லூரிக்கு வெளியே திரும்பக் கற்கும் செலவு |

அட்டவணையில் எல்லாம் கட்டத்துக்குள் அடங்கிவிட்ட மாதிரி தெரிகிறது. நிஜத்தில் ஒரே கல்லூரியில் பல் செட் துறை ஒரு மாதிரியும் அறுவைத் துறை வேறு மாதிரியும் இருக்கும். துறைத் தலைவர் மாறினால் சூழலே மாறும். அதனால் ஐந்து வருடத்துக்கு முன் படித்த ஒருவர் சொல்வதைப் பாதி விலைக்கு வாங்குங்கள்.

## நேரில் போனால்

அழைத்துப் போய்க் காட்டும் சுற்றில் உபகரணங்களைத்தான் காட்டுவார்கள். எல்லா சேரும் பளபளவென்று இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது எத்தனை சேரில் நோயாளி இருக்கிறார் என்பதை. கையெழுத்துக்காக எத்தனை மாணவர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதையும் பாருங்கள். பிறகு, முடிந்தால், மாலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு லேபுக்குப் போங்கள். யாராவது ஒருவர் பக்கத்து மேசையில் எட்டிப் பார்த்தால், அந்த மேசைக்காரர் பல்லைக் கையால் மறைக்கிறாரா, திருப்பிக் காட்டுகிறாரா?

கேட்பதற்கு என்னிடம் ஒரு கேள்விதான் உண்டு. "கடைசியா எந்த பிராக்டிகல்ல ஃபெயில் ஆனீங்க? அப்புறம் என்ன நடந்தது?" உறவினர் பையனுக்காக இரண்டு கல்லூரிகளுக்குப் போனபோது இதை இரண்டிலும் கேட்டேன். முதல் கல்லூரியில் அந்த மாணவர் பதில் சொல்லும் முன் திரும்பிக் கதவைப் பார்த்தார். பிறகு, "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை" என்றார். இரண்டாவதில் ஒரு மாணவி சிரித்தார். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பல். பக்கத்துப் பல் அது. பர் வழுக்கி உரசிய கோடு ஒன்று அதன் குறுக்கே ஓடியது. கோட்டைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம், அதன் கீழே தேதி, அதன் கீழே இன்னொரு தேதி. "ரெண்டாவது தேதியில மேடம் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாங்க. அன்னைக்கும் ரெண்டு தடவை போச்சு. மூணாவது தடவை வந்துடுச்சு."